ஆவாரம்பட்டுக்கு நடந்து வந்த பூட்ஸ்கள்

ஆவாரம்பட்டு அறிந்த முதல் ஜோடி பூட்ஸ் வந்து சேர்ந்தது மாசி மாதத்து ஒரு புதன்கிழமை காலை, சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிறவர்கள் எருமைக்குக் கன்று விட்டுக்கொண்டிருந்த நேரம். அது ஆளில்லாமல் வந்தது. இடது, வலது என்று பரேடு பிசகாமல் ஏரிக்கரையிலிருந்து இறங்கி, திரௌபதி அம்மன் கோயிலுக்கு முன்னால் அரை நொடி நின்று, பால் சொசைட்டியையும் டீக்கடையையும் தாண்டி, சின்னபாப்பாவின் வாசலுக்கு வந்து, அங்கே எட்டு வருஷமாக வீட்டைப் பார்த்துக் கிடந்த அவள் மகன் துளசிராமனின் தோல் செருப்புக்குப் பக்கத்தில் ஒட்டி நின்றது. அதற்குப் பிறகு அசையவில்லை.

இது எப்படி நடக்கும் என்று ஊரில் ஒருவரும் கேட்கவில்லை. வீட்டுக்கு ஓர் ஆளை மூன்று தலைமுறையாகப் படைக்கு அனுப்பிய ஊர் அது. உடம்பு ஓரிடம், மனசு ஓரிடம் என்று வாழ்வது அவர்களுக்குப் பழக்கம். நடுவில் மாட்டிக்கொண்ட கால் என்றைக்காவது ஒரு பக்கம் சேர்ந்துவிடும் என்பதை அவர்கள் எதிர்பார்த்தே இருந்த மாதிரிதான் தோன்றியது. சின்னபாப்பா பூட்ஸின் நாக்கைத் தூக்கிப் பார்த்தாள். உள்ளே மகனின் படை எண் இருந்தது. ஆவாரம்பட்டுத் தாய்மார்கள் பிள்ளையின் பிறந்த நாளை மறந்தாலும் அந்த எண்ணை மறக்க மாட்டார்கள்.

முன்னாள் ராணுவத்தினர் சங்கத்தின் தலைவர் ஏகாம்பரத்துக்கு ஆள் போனது. அவர் நொண்டிக்கொண்டே வந்தார். ஒரு முழங்காலில் இரும்பு இருந்தது. மற்றதெல்லாம் அறுபது வயதிலும் விறைப்பாகவே இருந்தது. பூட்ஸைத் தொடாமல் சுற்றி வந்து பார்த்தார். அடிப்பாகம் ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தது. தையலுக்குள் கருமண், அதன் மேல் செம்மண், அதற்கும் மேல் ஏதோ ஆற்று வண்டல்.

"ண்ணா, எங்க துளசியோடதுதான். நம்பர் சரியா கீது," என்றாள் சின்னபாப்பா.

"லீவு சாங்ஷன் ஆகாம வந்திருக்கு," என்றார் ஏகாம்பரம்.

"வந்தது வந்துட்ச்சி. பதான்கோட்லேர்ந்து நடந்து வந்துகீது. வாசல்ல நிக்க வெச்சிக் கேள்வி கேக்காதண்ணா." அவள் ஒரு சொம்புத் தண்ணீரை எடுத்து, வந்த மகனுக்குக் கால் கழுவுகிற மாதிரி அந்தப் பூட்ஸைக் கழுவினாள்.

ஊர் முகப்பில் ஒரு கல் நிற்கிறது. வெள்ளைக்காரன் நட்டது. பெரிய சண்டைக்கு இந்த ஊரிலிருந்து போனவர்கள் நாற்பத்தொரு பேர், திரும்பாதவர்கள் ஒன்பது பேர் என்று அதில் வெட்டியிருக்கிறது. அந்த ஒன்பது பேரும் செத்தார்கள் என்று ஆவாரம்பட்டுப் பெண்கள் என்றைக்கும் ஒப்புக்கொண்டதில்லை. சண்டை நடந்த சீமை தூரம், கால் வழியை மறந்துவிட்டது, அவ்வளவுதான் என்றார்கள். அதனால் அப்போதே ஓர் ஏற்பாடு செய்தார்கள். படைக்குப் போகிறவன் கடைசியாகப் போட்டிருந்த செருப்பை வாசற்படியின் இடது பக்கம் கழற்றிவிட்டு வெறுங்காலோடு பஸ் ஏற வேண்டும். செருப்பின் முனை வீட்டைப் பார்த்து இருக்க வேண்டும். அவன் திரும்பும்வரை அதை யாரும் போடக் கூடாது, நகர்த்தக் கூடாது. மழை வந்தால் மேலே முறத்தைக் கவிழ்க்கலாம், வெள்ளிக்கிழமை மஞ்சள் தண்ணீர் தெளிக்கலாம். அப்படி இருந்தால் கால் வழி மறக்காது. அந்தக் கல்லுக்குப் பிறகு நடந்த சண்டைகளில் சவப்பெட்டியில் வந்தவர்கள் உண்டு. ஆனால் வழி தெரியாமல் போனவன் ஒருவனும் இல்லை.

ஏகாம்பரத்தின் டயர் செருப்பும் இருபத்து நான்கு வருஷம் அப்படிக் கிடந்ததுதான். அவர் அவில்தாராகத் திரும்பி வந்து அதே செருப்பைப் போட்டுக்கொண்டு நேராகப் போராட்டத்துக்குப் போனார். ஒரே பதவியில் ஓய்வு பெற்ற இரண்டு பேருக்கு இரண்டு விதமான பென்ஷனா என்று கலெக்டர் ஆபீஸ் வாசலில் பதினொரு நாள் உட்கார்ந்தார். எட்டாவது வரை படித்தவர். அதற்கு மேல் தெரிந்ததெல்லாம் கூட்டங்களில் கொடுத்த துண்டறிக்கைகளைப் படித்துத் தெரிந்துகொண்டது, பிறகு தானே எழுதித் தெரிந்துகொண்டது. ஆரணியில் ஓர் அச்சகத்தில் ரோஸ் தாளில் அடித்துக் கொண்டுவருவார். நான்கே வருஷத்துக்கு ஆளெடுத்து, நாலில் ஒருவனை வைத்துக்கொண்டு மூன்று பேரை வீட்டுக்கு அனுப்புவது என்று புதுத் திட்டம் வந்தபோது அவர் எழுதினார்: "நாலு வருஷத்தில் ஒரு தென்னை காய்ப்பதில்லை. ஒரு சிப்பாய் மட்டும் அதற்குள் முளைத்து, காய்த்து, உதிர்ந்துவிட வேண்டுமாம்."

எழுதினாரே தவிர, அந்த வருஷம் ஆளெடுப்புக்கு ஆவாரம்பட்டிலிருந்து ஒரு பையன்கூடப் போகவில்லை என்றபோது அவரால் தாங்க முடியவில்லை. லாரி லாரியாக ஆள் போன ஊர். பையன்கள் டீக்கடை வாசலில் பைக்கைச் சாய்த்துக்கொண்டு நின்றார்கள். "நாலு வருஷம் கழிச்சி வந்து ஏடிஎம் வாசல்ல செக்யூரிட்டியா ஒக்காரணும். அதுக்கு இப்பவே ஒக்காந்துக்கலாமே மாமா," என்றான் ஒருவன். அவர் துண்டறிக்கையில் எழுதினதைத்தான் அவன் அவருக்கே திருப்பிச் சொன்னான். திட்டம்தான் தப்பு, படை தப்பில்லை என்று வீட்டுக்கு வந்து மனைவி பச்சையம்மாவிடம் மூன்று தடவை சொன்னார்.

அதைக் கேட்டுக்கொண்டிருந்த மகள் ஜீவிதா, "மிலிட்டரி போலீஸ்ல பொம்பளைங்களையும் எடுக்கறாங்களாம். வேற யாரும் போவலன்னா நான் போறேன் நைனா," என்றாள்.

அவள் போனாள். வாசலில் விட்டுப் போனது ஒரு நீல ரப்பர் செருப்பு. வலது கால் வார் பிய்ந்து, அதில் ஒரு சேஃப்டி பின் குத்தியிருந்தது. "பின் குத்துன செருப்பையா வுட்டுட்டுப் போவ?" என்றார் ஏகாம்பரம். "வந்து புதுவார் போட்டுக்கறேன். யாரும் மாத்தாதீங்க," என்றாள். அவள் ஓடின ஓட்டத்தை, மைதானத்தில் மற்றப் பெண்களையெல்லாம் ஒரு சுற்று பின்னால் விட்டதை, அவர் பஸ்ஸில் முன்பின் தெரியாதவர்களிடமெல்லாம் சொன்னார்.

துளசிராமனின் பூட்ஸ் வந்தது அவள் போன மூன்றாம் வருஷம். அதற்குப் பிறகு வாரத்துக்கு ஒன்று, இரண்டு என்று வந்துகொண்டே இருந்தன. அசாமிலிருந்து வந்த ஜோடியில் தேயிலைச் சருகு ஒட்டியிருந்தது. ஜெய்சல்மேரிலிருந்து வந்த ஜோடியைக் கவிழ்த்தால் அரைப் படி மணல் கொட்டியது. நாய்கள் முதல் நாள் குரைத்தன, மூன்றாம் நாள் வாலாட்டின. பள்ளிக்கூடப் பிள்ளைகள் எதிரில் பூட்ஸ் வந்தால் ஒதுங்கி ஒரு சல்யூட் வைத்துவிட்டுப் போனார்கள். போளூர் பஸ்ஸில் ஒரு ஜோடி ஏறிவிட்டது. லக்கேஜ் டிக்கெட் போடுவதா, ஆள் டிக்கெட் போடுவதா என்று யோசித்த கண்டக்டர், கடைசியில் "நிக்கறதுதானே, நிக்கட்டும்" என்று விட்டுவிட்டார். டீக்கடைக்காரர் ஒரு பழைய அண்டாவில் தண்ணீர் வைத்தார். நாயக் பதவியில் இருந்த ஒருவனின் பூட்ஸ் தன் வீட்டைத் தாண்டிப் போய் அடுத்த தெருவில் வேறொரு வாசலில் நின்றது. அவன் மனைவி பகல் பன்னிரண்டு மணிக்குத் தெருவே பார்க்கப் போய் இரண்டையும் இரண்டு காதைப் பிடிக்கிற மாதிரிப் பிடித்துத் தூக்கி வந்தாள். அதைப் பற்றி அவளிடம் யாரும் பேசவில்லை. அவனிடம் அவள் பேசினாள் என்று கேள்வி.

பெண்களுக்கு இதில் ஒரு நிம்மதியும் இருந்தது. "போன்ல சிரிக்கிறான். நல்லா கீறேன்மா, நல்லா சாப்புட்றேன்மான்றான். பூட்ஸு பாரு, தேய்ஞ்சி வந்து நிக்குது," என்றாள் சின்னபாப்பா. "போன் பொய் சொல்லும். இது சொல்லாது." பூட்ஸ் வராத வீட்டில்தான் கவலை. அந்த வீட்டு மருமகள்கள் கூட்டுகிற சாக்கில் ஏரிக்கரைப் பக்கம் பார்த்துக்கொண்டே வாசலைத் தேய்த்தார்கள்.

ஏகாம்பரத்துக்கு மட்டும் இது மானக்கேடாக இருந்தது. காவலை விட்டு வருகிற கால் என்ன கால் என்றார். வந்த பூட்ஸையெல்லாம் சாக்கில் கட்டி, காட்பாடி ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய், அந்தந்தப் படைப்பிரிவுக்குப் பார்சல் போட்டார். பத்தே நாளில் அவை திரும்பி வந்தன. "என் இருபத்து நாலு வருஷ சர்வீஸ்ல என் பூட்ஸ் ஒரு அடி ஊர்ப்பக்கம் வெச்சதில்ல," என்பது அவருடைய பேச்சு. "காஷ்மீர்ல, குப்வாராவுல மூணு தடவை எவனோ திருடினான். திருடினவன் பயந்துகினு திருப்பி வெச்சிட்டான். அவ்ளோதான்." அந்தத் திருட்டுக்காக ஒரு பிகாரிப் பையனை மூன்று நாள் மூட்டை சுமக்க வைத்ததையும் பெருமையாகவே சொல்வார்.

வைகாசியில் இதை விசாரிக்கப் படையிலிருந்து ஒரு சுபேதார் வந்தார். செல்வின் என்று பேர், தக்கலைக்காரர். மடித்த படிவங்களோடு சங்கக் கட்டிடத்தில் உட்கார்ந்து, பச்சையம்மா கொடுத்த மோரைக் குடித்துவிட்டு, மெதுவாகச் சொன்னார்.

"ஆளு ஓடிட்டான்னா புடிச்சிட்டு வரச் சட்டம் இருக்கு சார். பூட்ஸ் ஓடிட்டுன்னா எந்த செக்‌ஷன்ல எழுத?"

"நம்ம ஊர்ல மட்டுமா?"

"மகாராஷ்டிரால சத்தாரா பக்கம் நடக்கு. ராஜஸ்தான்ல நடக்கு. எங்கெல்லாம் ஆளு நெறையத் தந்தாங்களோ அங்கெல்லாம் நடக்கு. காலையில பரேடுக்குப் பாதிப் பேரு ரப்பர் செருப்போட நிக்கான். கர்னல் சாப் பாத்துட்டுப் பேசாம போறாரு. அவரு காலை நாங்க பாக்கதில்ல."

ஏகாம்பரம் சிரிக்கவில்லை. சுபேதார் தன் பேன்ட்டை ஒரு சாண் தூக்கிக் காட்டினார். காலில் பழுப்பு நிறச் சாண்டல். "என்னுது போன மாசமே போயிட்டு. வீட்டுக்காரி போன் போட்டுச் சொன்னா, கோழிக்கூட்டுக்குப் பக்கத்துல நிக்குதுன்னு." கொஞ்ச நேரம் இருவரும் அந்தச் சாண்டலைப் பார்த்தார்கள். "இந்த ஜில்லாவுல நாப்பது பேரு வேணும் சார். வந்தது ஆறு. புதுசா வாறவனும் இல்ல, உள்ளவன் காலும் நிக்க மாட்டேங்கு. ஒவ்வொரு ஊர்லயும் ஏதோ ஒண்ணு இழுக்கு. உங்க ஊர்ல எது இழுக்குன்னு உங்களுக்குத்தான் தெரியும். கண்டுபிடிச்சா ஒரு வார்த்தை சொல்லுங்க."

"என் பொண்ணு அம்பாலாவுல இருக்கா," என்றார் ஏகாம்பரம். "அவ பூட்ஸ் வரல."

சுபேதார் போன பதினோராம் நாள் காலையில் வந்தது. ஐந்தாம் நம்பர், ஆவாரம்பட்டுக்கு வந்ததிலேயே சின்ன ஜோடி. நீலச் செருப்பின் பக்கத்தில் நிற்காமல், அதன் மேலேயே ஏறி, கோழி அடைகாக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தது. வலது பூட்ஸின் நாடா அறுந்து, நுனியில் முடிச்சுப் போட்டிருந்தது. பச்சையம்மா அதை மடியில் வைத்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"குழந்தைக்கு ஆவலங்க. பாருங்க, எப்டி தேய்ஞ்சிகீது," என்றாள்.

அவர் போன் போட்டார். ஜீவிதா கலகலவென்று பேசினாள். சாப்பாடு நன்றாக இருக்கிறது, வெயில் பரவாயில்லை, எருமைக் கன்று பல் போட்டதா என்று கேட்டாள். வாரா வாரம் அந்தக் கன்றைக் கேட்காமல் அவள் போனை வைத்ததில்லை. பூட்ஸைப் பற்றி அவளும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. போனை வைத்தபோது அவர் கண் வாசலில் இருந்த நீலச் செருப்பின் மேல் விழுந்தது. முனை வீட்டைப் பார்த்து இருந்தது. எது இழுக்கிறது என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை சங்கத்தின் பொதுக்குழு கூடியது. ரோஸ் தாளில் தீர்மானம் தயாராக இருந்தது: ஊரிலுள்ள எல்லாச் செருப்புகளையும் முனை தெருவைப் பார்க்கும்படி திருப்பி வைப்பது. ஏகாம்பரம் ஒரு மணி நேரம் பேசினார். கல்லைப் பற்றிப் பேசினார், நாற்பத்தொரு பேரைப் பற்றிப் பேசினார், எல்லையில் ஒருவன் வெறுங்காலோடு நின்றால் பின்னால் தூங்குகிற கோடிப் பேருடைய மானம் என்ன ஆகும் என்று பேசினார். நன்றாகத்தான் பேசினார்.

சின்னபாப்பா மட்டும் எழுந்தாள். "நாலு வருஷம் வேலை, அப்பறம் நடையைக் கட்டுன்னு சொன்னவன ஒண்ணும் பண்ண முடில. லீவு குடுக்காதவன ஒண்ணும் பண்ண முடில. வாசல்ல கெடக்கற செருப்புதான் உனுக்குக் கெட்ச்சிதாண்ணா?"

அந்தக் கேள்வி ஒரு துண்டறிக்கைக்குத் தகுதியானது என்பது அவருக்குத் தெரிந்தது. தெரிந்ததனாலேயே கோபம் வந்தது. கூட்டத்திலிருந்து நேராக வீட்டுக்குப் போய், எல்லோரும் பார்க்க, பச்சையம்மா கையைப் பிடித்துத் தடுக்கத் தடுக்க, ஊருக்கு முன்மாதிரியாக நீலச் செருப்பைத் தெருவைப் பார்த்துத் திருப்பி வைத்தார். மற்றவர்கள் அவர் மேல் இருந்த மரியாதையால் செய்தார்கள். சிலர் பிள்ளைகளுக்குத் தண்டனை வருமோ என்ற பயத்தால் செய்தார்கள். கடைசியாகச் சின்னபாப்பாவும் செய்தாள்.

மறுநாள் காலை ஆவாரம்பட்டு வாசல்களில் நின்ற அத்தனை பூட்ஸும் ஒரே நேரத்தில் அசைந்தன. திரும்பின. வரிசை கட்டின. கோயிலுக்கு முன்னால் நிற்காமல், ஏரிக்கரையில் ஏறி, வடக்கே போயின. அந்த நடையைப் பார்த்து ஏகாம்பரம் அறியாமல் நிமிர்ந்து நின்றார். ஐந்தாம் நம்பர் ஜோடி வரிசையின் கடைசியில் ஓட்டமும் நடையுமாகப் போயிற்று.

சுபேதார் நன்றி சொன்னார். படையில் எல்லாம் சரியாகிவிட்டது. சரியானதற்கும் மேலே சரியாகிவிட்டது. பேப்பர் போட்டு வெளியே வருவதாக இருந்தவர்கள் வாபஸ் வாங்கினார்கள். லீவு கேட்டு நச்சரிக்கிறவர்கள் நிறுத்தினார்கள். ஆவாரம்பட்டுச் சிப்பாய் போல உண்டா என்று பேசிக்கொண்டார்கள். போன் மட்டும் குறுகிப்போனது. நல்லா இருக்கேன், வேற ஒண்ணும் இல்ல, வெச்சிடறேன். மூன்றாவது வாரம் ஜீவிதா எருமைக் கன்றைப் பற்றிக் கேட்கவில்லை. நான்காவது வாரமும் கேட்கவில்லை. கன்று நன்றாக இருக்கிறது என்று ஏகாம்பரமே சொன்னார். "அப்படியா" என்றாள்.

அடுத்த வருஷம் சித்திரையில், திரௌபதி அம்மன் தீமிதிக்கு, லீவு மிச்சம் இருக்கிறது என்று படையே நான்கு பேரைப் பிடித்து அனுப்பியது. பஸ் நின்றது. மேளத்தோடு ஊர் நின்றது. நான்கு பேரும் இறங்கினார்கள், பையை மாட்டிக்கொண்டார்கள், ஒரே சீராக நடந்து தெருவுக்குள் வந்தார்கள், அவரவர் வீட்டைத் தாண்டினார்கள். மேளக்காரர்கள் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். சின்னபாப்பா ஆரத்தித் தட்டோடு ஓடிப்போய் மகனின் குறுக்கே நின்றாள். துளசிராமன் நின்றான். முகத்தில் மரியாதை இருந்தது, களைப்பு இருந்தது, வேறெதுவும் இல்லை.

"அம்மா, இந்த வழியா மெயின் ரோட்டுக்குப் போலாமா?" என்று கேட்டான். யாரோ ஒரு பெண்மணியிடம் கேட்பதுபோலக் கேட்டான்.

சின்னபாப்பா ஒரு நிமிஷம் அவனைப் பார்த்தாள். "போலாம்பா," என்றாள். "ஏரிக்கரை மேல ஏறிப் போ." தட்டை இறக்கவில்லை. அவன் கரையேறி மறையும் வரை அப்படியே நின்றாள்.

அன்று சாயங்காலமே ஊர் முழுக்கச் செருப்புகளை வீட்டைப் பார்த்துத் திருப்பி வைத்தார்கள். ஒரு பலனும் இல்லை. ஒரு பூட்ஸ்கூட வரவில்லை. அறுந்த வழியை வாசலில் உட்கார்ந்துகொண்டு ஒட்ட முடியவில்லை. யாரும் ஏகாம்பரத்தைத் திட்டவில்லை. டீக்கடையில் அவர் வந்தால் இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தார்கள், அவ்வளவுதான். திட்டியிருந்தால் அவர் பதில் சொல்லியிருப்பார்.

நீலச் செருப்பு ஒன்றுதான் இன்னும் தெருவைப் பார்த்துக் கிடந்தது. தீர்மானத்தை மாற்றப் பொதுக்குழு கூட வேண்டும் என்றார் அவர்.

ஆடியில் சுபேதார் போன் பண்ணினார். ஜீவிதாவின் நாலு வருஷம் முடிகிறது. நிறுத்திக்கொள்கிற நாலில் ஒருவர் பட்டியலில் அவள் பேர் முதலில் இருக்கிறது. அடுத்த வாரம் லீவில் வருவாள். லீவு முடிந்து போய்க் கையெழுத்துப் போட்டால் இன்னும் பதினைந்து வருஷம். "நல்ல பிள்ளை சார். ஊரைப் பத்திப் பேசதே இல்ல," என்றார் சுபேதார். பிறகு கொஞ்சம் தயங்கி, "அதான் எனக்கு ஒரு மாதிரி இருக்கு," என்றார்.

ஏகாம்பரம் போனை வைத்துவிட்டுப் படியில் உட்கார்ந்தார். எது நேரப்போகிறது என்பது அவருக்குத் தெரிந்தது. தெருவில் இறங்கி, வாசலைத் தாண்டி, ஏரிக்கரை ஏறி, கையெழுத்துப் போட்டு, பதினைந்து வருஷம். அந்தக் கல்லில் பத்தாவது ஆளாக, செத்தவளாக இல்லாமல், வழி தெரியாதவளாக.

பச்சையம்மா எருமைக்குத் தவிடு கலக்கிக்கொண்டே பேசினாள். திரும்பிப் பார்க்கவில்லை.

"உங்க பூட்ஸ் வந்ததில்லன்னு ஊரெல்லாம் சொல்லிகினு திரியறீங்களே. மூணு தபா வந்துது."

அவர் நிமிர்ந்தார்.

"கல்யாணம் ஆன வருஷம் ஒரு தபா. உங்கம்மா செத்தப்ப ஒரு தபா. இவ பொறந்தப்ப ஒரு தபா. வூட்டுக்குள்ள கொண்டாந்து, தொடச்சி, எண்ணெ போட்டு, ரெண்டு நாள் நெல்லுக் குதிருக்குப் பின்னால வெச்சிருந்து, போய்ட்டு வாங்கன்னு நான்தான் அனுப்பி வெச்சேன். மொத தபா வந்தது எங்க மாமியாருக்கும் தெரியாது. ஒங்க மானம் போவக்கூடாதுன்னு யார்கிட்டயும் வாயத் தொறக்கல."

குப்வாராவின் பனியில் திரும்பக் கிடைத்த பூட்ஸில் தேங்காய் எண்ணெய் வாசனை அடித்தது அவருக்கு ஞாபகம் வந்தது. மூட்டை சுமந்த பிகாரிப் பையனின் முகம் ஞாபகம் வந்தது. பேர்தான் வரவில்லை. பச்சையம்மா கையைக் கழுவிக்கொண்டு வந்து நீலச் செருப்பை வீட்டைப் பார்த்துத் திருப்பி வைத்தாள். அவர் தடுக்கவில்லை. அதனால் ஆகப்போவது ஒன்றுமில்லை என்பது இரண்டு பேருக்கும் தெரிந்தது.

ஜீவிதா பகல் பன்னிரண்டரை பஸ்ஸில் வந்தாள். இந்தத் தடவை மேளம் இல்லை. ஊர் கதவை ஒருக்களித்துக்கொண்டு பார்த்தது. உயரமாகத் தெரிந்தாள். முகம் கறுத்திருந்தது. ஒரே சீராக நடந்து வந்தாள். எருமைக் கன்று, இப்போது கன்றே இல்லை, முளையை இழுத்துக்கொண்டு கத்தியது. ஜீவிதா திரும்பவில்லை. படியில் நின்ற தாயைத் தாண்டினாள். நீலச் செருப்பைத் தாண்டினாள்.

ஏகாம்பரத்துக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான். தெருவில் இறங்கி, இருபத்து நாலு வருஷத்துக் குரலை எடுத்து, நில் என்பதற்கான இந்திக் கட்டளையாக, "தம்!" என்றார்.

அவள் நின்றாள். குதிகால் இரண்டும் ஒரே சத்தமாகச் சேர்ந்தன. திரும்பி, சல்யூட் வைத்து, "சார்," என்றாள்.

அவருக்கு எல்லாக் கட்டளையும் தெரியும். நில் என்பதற்கு உண்டு, நட என்பதற்கு உண்டு, சுடு என்பதற்கு உண்டு, கலைந்து போ என்பதற்குக்கூட உண்டு. வீட்டுக்கு வா என்பதற்குப் படையில் ஒரு கட்டளை கிடையாது. வாய் திறந்தபடி நின்றார். மகள் அவரை மரியாதையாகப் பார்த்தாள், கொஞ்ச நேரம் காத்திருந்தாள், வேறு உத்தரவு இல்லை என்று தெரிந்துகொண்டு திரும்பி நடந்தாள். ஏரிக்கரை ஏறினாள். கரைக்கு அந்தப் பக்கம் தார் ரோடு.

அப்போது ஆவாரம்பட்டு ஒன்றைப் பார்த்தது. எந்த அதிகாரி முன்னாலும் குனியாத ஏகாம்பரம் தன் வாசலில் குனிந்து, அந்த நீலச் செருப்பைக் கையில் எடுத்தார். காலில் எதையும் மாட்டிக்கொள்ளவில்லை, அதற்கு நேரமில்லை. இரும்புக் காலை இழுத்துக்கொண்டு ஓடினார். கரை ஏறிச் சறுக்கினார், எழுந்தார், தார் ரோட்டில் இறங்கினார். ஆடி வெயிலில் தார் இளகிக்கிடந்தது. அவளைத் தாண்டி நாலு அடி முன்னால் போய், நடு ரோட்டில் மண்டியிட்டு, செருப்பை அவள் காலுக்கு நேராக, ஊரைப் பார்த்து வைத்தார். மூச்சு வாங்கியது. பேச்சு வரவில்லை. அவர் வாழ்க்கையில் பேச்சு வராதது அது இரண்டாம் முறை, இரண்டும் அன்றைக்கே.

அந்த வாரமே சின்னபாப்பாவும் இன்னும் ஒன்பது பெண்களும் மஞ்சள் பைகளில் ஆளுக்கு ஒரு ஜோடி செருப்போடு காட்பாடியில் ரயில் ஏறியதும், பதான்கோட்டில் பரேடு மைதானத்தின் நடுவே போய் அவற்றை அடுக்கியதும், அதை எந்த அதிகாரியும் தடுக்காததும் பிறகு நடந்தவை. அன்றைக்கு நடந்தது இவ்வளவுதான்.

ஜீவிதா குனிந்து பார்த்தாள். "யாருது சார் இது?" என்றாள். அவள் பார்வை வலது செருப்பின் வாரில் நின்றது. துருப்பிடித்த சேஃப்டி பின். அவள் பையை இறக்கி வைத்தாள். ஒரு முழங்காலை மடித்து உட்கார்ந்து பூட்ஸின் நாடாவை அவிழ்க்கத் தொடங்கினாள். நீளமான நாடா, அதில் அவள் போட்ட முடிச்சு ஒன்று இருந்தது, அவசரப்படாமல் அவிழ்த்தாள். சாக்ஸைக் கழற்றினாள். ஊர்ப்பக்கமாகத் திரும்பி, வலது காலை முதலில் விட்டாள், பிறகு இடது காலை.

நின்றாள். ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு ஒதுங்கிப் போனது.

பிறகு அவள் கண் செருப்பிலிருந்து, பக்கத்தில் மண்டியிட்டிருந்தவரின் காலுக்குப் போயிற்று. தார் ஒட்டி, தோல் வெந்து, பாதம் சிவந்துகிடந்தது.

"நைனா," என்றாள் ஜீவிதா. "வெயில்ல வெறுங்காலோட இன்னாத்துக்கு வந்த? கொப்பளம் வரும் பாரு."

அவள் அவரைத் தூக்கி நிறுத்தி, கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டு, ஊரைப் பார்த்து நடத்திக்கொண்டு வந்தாள். கன்று பல் போட்டதா என்று கேட்டாள். ஐந்தாம் நம்பர் பூட்ஸ் இரண்டும் ரோட்டில் கொஞ்ச நேரம் வடக்கைப் பார்த்து நின்றன. பிறகு, உத்தரவு எதற்கும் காத்திராமல், அவர்களுக்கு நாலு அடி பின்னால், இடது வலது கூடப் பார்க்காமல், சும்மா நடந்து வந்தன.